தலை வெட்டிய பதினொரு தாள்கள்

அன்று நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. நீர்ப்பாசனக் கந்தோரில் காலியாக இருந்த ஒரு படவரைஞர் வேலைக்குப் படம் கீறும் சோதனை வைத்தார்கள். பதினொரு பேர் போனோம். பெண் நான் ஒருத்திதான்.
2. தாளில் பெயர், ஊர், அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது என்று பொறியியலாளர் கரும்பலகையில் எழுதினார். பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டு இலக்கம் எடுத்து, அதைத் தாளின் அடியில் மட்டும் எழுதினோம். எனக்கு நாலு வந்தது.
3. மூன்று மணித்தியாலம் கீறினோம்.
4. தாள்களை மேசையில் விரித்தபோது பத்துத் தாள்களில் எது எந்தச் சமூகத்தாருடையது என்று அப்படியே தெரிந்தது.
5. பெரிய கிளாக்கர் பதினொரு தாள்களின் தலையையும் வெட்டினார்.
6. நாலாம் இலக்கம் முதலாவதாக வந்தது.
7. நாலாம் இலக்கம் ஒரு பெண் என்று தெரிந்ததும், இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிடலாமா என்ற பேச்சுத் தொடங்கியது.

எட்டாவதாக நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். அதை ஒரு வரியில் எழுத என்னால் முடியவில்லை. பல தடவை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

பெரிய கிளாக்கர் என்று நான் சொல்பவர் அந்தக் கந்தோரின் பிரதம லிகிதர். கல்முனையில் பிறந்து வளர்ந்த தமிழர், மெதடிஸ்தக் கிறிஸ்தவர். ஒல்லியான ஆள். கைமடிப்பில்லாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சிவப்பு மை ஒன்று, நீல மை ஒன்றென்று இரண்டு பேனைகள். கந்தோருக்குப் போகிற எல்லோருக்கும் அவர்மேல் பயம். ஒரு விண்ணப்பத்தில் திகதி இல்லாவிட்டால் மாவடிப்பள்ளியிலிருந்து வெயிலில் நடந்து வந்த ஆளைக்கூட அப்படியே திருப்பி அனுப்புவார் என்று கதை. எங்கள் வாப்பாவையும் ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு நல்ல பெயர் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வேலைக்கு வேண்டியது படிப்பல்ல, துண்டு. அரசியல்வாதி ஒருவரின் கையெழுத்துப் போட்ட சிறு கடிதத்தைத்தான் அப்படிச் சொல்வோம். துண்டு வைத்திருப்பவனுக்கு வேலை, இல்லாதவனுக்கு அடுத்த தேர்தல். கண்டிப் பக்கத்திலிருந்து மாறி வந்த புதிய பொறியியலாளருக்கு இது பிடிக்கவில்லை. இளம் வயது. எங்களைப்போல முஸ்லிம், ஆனால் எங்கள் கரைக்குப் புதியவர். பெயரை மறைத்துச் சோதனை வைப்பதும், துண்டு வந்து சேர முன்னர் அன்றைக்கே முடிவு சொல்வதும் அவருடைய யோசனைகள்.

எனக்கு இருந்தது இந்த ஒரு தடவைதான். அம்பாறையில் படவரைஞர் பயிற்சியை முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்தேன். சம்மாந்துறையிலிருந்து கல்யாணப் பேச்சொன்று வந்து, பதிலுக்குக் காத்திருந்தது. உம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டா. "ஒருக்காப் போய் எழுது. கிடைச்சா அவனுகளுக்கு நான் பதில் சொல்றன். கிடைக்கல்லயெண்டா அந்தப் பெட்டியத் தம்பிட கையில குடுத்துட்டு இரு." பெட்டி என்றது என்னுடைய கருவிப் பெட்டி. கவராயம், மைப்பேனை, இரண்டு முக்கோணமட்டம். அன்று காலையில் வாப்பாவின் சைக்கிளில் பின்னால் இருந்து போகும்போது அந்தப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். பயம் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் விசில் ஊதுவதற்கு முன்னர் காலுக்குள் ஒரு துடிப்பு இருக்குமே, அது.

கந்தோர் மண்டபத்துக்கும் பொறியியலாளரின் அறைக்கும் இடையில் இருந்தது முழுச் சுவரல்ல. ஆளுயரப் பலகை மறைப்பு, அதற்கு மேலே வெளி. அந்தப் பக்கம் கதைப்பது இந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும். நாங்கள் வாங்குப் பலகைகளில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வாக்குவாதம்.

"இந்தக் கந்தோர்ல படம் கீற நாலு மேசை, சேர். பென்சனில போனவர் தமிழ் ஆள். மிச்ச மூண்டு மேசையிலயும் ஆர் இருக்காங்கெண்டு பாருங்க. மூண்டு பேரும் முஸ்லிம், ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். தமிழாக்கள் வாய்க்கால் வரைபடம் பாக்க வந்தா ஆரிட்டக் கதைக்கிற? அந்த இடம் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் போகட்டும். நேராக் கேக்கிறன், ஒளிச்சுக் கேக்கல்ல." இது பெரிய கிளாக்கர்.

"யாரு நல்லாக் கீறுறாங்களோ அவங்க வரட்டும். அவ்வளவுதான்."

"கண்ண மூடிக்கிட்டுப் பாத்தா, ஆர் இல்லையெண்டு எப்பிடிச் சேர் தெரியும்?"

"கண்ணத் திறந்து பாத்தா எனக்குத் துண்டு மட்டும்தான் தெரியுது, மிஸ்டர் கிளாக்."

எனக்குப் பக்கத்தில் கல்முனைக்குடியைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். கடைத்தெருவில் மீன் வியாபாரம் செய்யும் குடும்பம். என்னிலும் ஐந்தாறு வயது மூத்தவர், அதனால் காக்கா என்றே சொல்கிறேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மெல்லச் சொன்னார். "தங்கச்சி, உள்ளுக்க ரெண்டு பேரும் அடிபட்டு முடியக்குள்ள எங்களுக்குப் பென்சன் வயசு வந்திரும்." சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது பெரிய கிளாக்கர்மேல் நல்ல கோபம். என் இலக்கத்தைத் தொட முன்னரே என் இடத்தை வேறு ஒருவருக்கு எழுதி வைக்கிறாரே என்று.

சோதனை இதுதான். ஓவசியர் வயலில் அளந்து எழுதி வந்த லெவல் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பிரதி செய்து தந்தார்கள். சவளக்கடைப் பக்கத்தில் ஒரு கிளை வாய்க்கால். நூறு அடிக்கு ஒரு தடவை அடித்தளத்தில் நிறுத்திய அளவுகோலின் வாசிப்பு குறிக்கப்பட்டிருந்தது; வாசிப்புக் குறைந்தால் அந்த இடம் மேடு. அதை வைத்து வாய்க்காலின் நெடுக்குவெட்டையும் ஒரு மதகின் படத்தையும் கீறவேண்டும். நான் முதலில் புள்ளிகளை மட்டும் வைத்தேன். வைத்துப் பார்த்தால், ஆறாவது புள்ளி மேலே நின்றது. ஐந்தாவதைவிடக் கிட்டத்தட்ட ஓர் அடி உயரம். ஏழாவது மறுபடியும் ஒழுங்காகக் கீழே. அந்த இடத்தில் தண்ணீர் மேட்டில் ஏறினால்தான் அப்பால் போகமுடியும். திரும்பக் கூட்டிப் பார்த்தேன், நான் பிழை விடவில்லை. உம்மாவின் வயலில் வரம்பில் நின்று தண்ணீர் வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கோட்டைக் கீற மனம் வரவில்லை. தந்த அளவின்படியே கீறிவிட்டு, அந்தப் புள்ளியைப் பென்சிலால் வட்டமிட்டு, "இந்த வாசிப்பை வயலில் மீண்டும் பார்க்கவும்" என்று சிறிதாக எழுதினேன். எழுதிய பிறகுதான் யோசித்தேன். அடையாளம் எதுவும் கூடாது என்றவர்கள், இதையும் அடையாளம் என்று சொல்லிவிட்டால்?

அடையாளம் வேறொரு இடத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியவே இல்லை.

தாள்களை வாங்கிக்கொண்டு போய்ச் சற்று நேரத்தில் உள்ளே பொறியியலாளர் "யா அல்லாஹ்" என்றார். பிறகு யாரோ சிரித்தார்கள். பெரிய கிளாக்கர் சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மண் கூசாவின் ஒடுங்கிய வாயால் தண்ணீர் குபுகுபுவென்று ஊற்றுவதுபோல் ஒரு சிரிப்பு.

"எண்ணிப் பாருங்க, சேர். ஆறு தாள்ல 786. மூண்டுல பிள்ளையார் சுழி. இந்தா, இதுல குருசு. எங்கட ஆள். பேர மறைச்சீங்க. பேனை பிடிச்ச கைய மறைக்கேலுமா?"

முஸ்லிம் வீடுகளில் எந்தத் தாளில் எழுதத் தொடங்கினாலும் தலையில் பிஸ்மிக்காக 786 போடுவோம். கடைச் சிட்டையிலும் போடுவோம், கல்யாணக் கடிதத்திலும் போடுவோம். இந்துக்கள் சுழி போடுவார்கள். விதிகளை மூன்று தரம் வாசித்து, ஒவ்வொன்றாக மனதில் சரி போட்டு, அதற்குப் பிறகு தொடங்கியவள் நான். என் தாளின் தலையிலும் 786 இருந்தது. எப்போது போட்டேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

"விதி மீறினவங்க எல்லாரையும் வெட்டவேண்டியதுதான்," என்றார் பொறியியலாளர். குரலில் கோபத்தைவிட வெட்கம்தான் கூட.

"அப்ப முதல்ல உங்கள வெட்டோணும். பலகையப் பாருங்க, சேர்."

நாங்களும் பார்த்தோம். அடையாளம் எதுவும் கூடாது என்ற அறிவித்தலுக்கு மேலே, சோக்கால், அழகான எழுத்தில் 786. பொறியியலாளரின் கை. மண்டபத்தில் பத்துப் பேர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். கல்முனைக்குடிக் காக்கா மட்டும் சிரிக்கவில்லை. அடையாளம் இல்லாத அந்த ஒரு தாள் அவருடையது. "அவசரத்துல போட மறந்திட்டன் தங்கச்சி. எனக்கு இண்டைக்கு ஒண்டும் சரிவராது," என்று தலையில் கைவைத்தார். பிற்காலத்திலும் வேலை கிடைக்காததற்கு அவர் சொன்ன காரணம் அது ஒன்றுதான்.

திரும்பச் சோதனை வைப்போம் என்றார் பொறியியலாளர். பெரிய கிளாக்கர் விடவில்லை. "வேற நாளைக்கு வெச்சா, அதுக்குள்ள துண்டு வந்து மேசையில இருக்கும். இண்டைக்கே முடிக்கோணும் எண்டது நீங்கதானே." காலையில் இந்தச் சோதனையே வேண்டாம் என்று நின்ற மனிதர் அதைக் காப்பாற்றுவதற்கு வழி தேடினார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை, சூழ்ச்சி என்றே நினைத்தேன். தாள் வெட்டும் பெரிய கத்தி மண்டபத்தின் மூலையில் இருந்தது. அவர் தாள்களைக் கொண்டுவந்து, எங்கள் கண்முன்னால், ஒவ்வொன்றிலும் தலைப்பக்கம் இரண்டு அங்குலத்தை வெட்டினார். அடையாளமில்லாத தாளையும் அதேயளவு வெட்டினார். வெட்டிய கீலங்களைக் குப்பைக்கூடைக்குள் போடவில்லை. 786-ஐயும் சுழியையும் சிலுவையையும் ஒன்றாக அடுக்கி, ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி, மேலே திகதி எழுதினார்.

"வெட்டி என்ன? நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டமே," என்றார் பொறியியலாளர்.

"பாக்காத ஆள் ஒராள் வாறார்," என்று பெரிய கிளாக்கர் வாசலைக் காட்டினார்.

ஓவசியர் அப்போதுதான் வயலில் இருந்து வந்து, காலில் சேற்றுடன் படியில் நின்றார். வாய்க்கால் வேலைகளைக் களத்தில் நின்று செய்விக்கிறவர் அவர். படவரைஞர் கீறுவதை வைத்துக் கட்டப்போகிறவரும் அவர்தான். மேசையில் பதினொரு தாளையும் விரித்துவிட்டு, "இதுல எத வெச்சு நீங்க கட்டுவீங்க, ஓவசியர்? ஆரெண்டு கேக்க வேணாம்," என்றார்கள்.  

"இதென்ன, எல்லாரும் தண்ணிய மேட்டுல ஏத்தியிருக்காங்க?" என்றார் ஓவசியர். பிறகு, "இஞ்ச, இந்த ஒராள் மட்டும் கேட்டிருக்கான். திரும்பப் பாக்கட்டாம்." தாள்கள் புரளும் சத்தம். லெவல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். புரட்டினார். "சேர், இது என்ட பிழை. அஞ்ச நாலெண்டு எழுதியிருக்கன். மழைக்க நிண்டு எழுதின." தாளில் விரலால் தட்டும் சத்தம். "நாலாம் நம்பர். இவன் வாய்க்காலுக்குள்ள நிண்ட ஆள். இரண்டாவது இந்த ஒம்பது, கோடு நல்ல சுத்தம். மற்றதுகள் பரவாயில்ல."

எழுந்து நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. கால் தானாக எழும்பியது. காக்கா என் இலக்கச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அடி என்ட உம்மோ! நாலு!" என்று மண்டபம் முழுவதும் கேட்கக் கத்தினார். மறைப்புக்கு மேலால் மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

ஏழாவதாக எழுதியிருப்பது அப்போதுதான் தொடங்கியது. ஓவசியரே தொடக்கிவைத்தார். கெட்ட மனிதர் அல்ல. உண்மையாகவே கலங்கிப்போனார். "பொம்புளப்புள்ளையா? சேர், படம் கீறுறதெண்டா மேசையில மட்டுமில்லையே. மாசத்தில நாலஞ்சு நாள் லெவல் பிடிக்க வயலுக்கு வரோணும். முழங்கால் மட்டும் சேறு. ஆம்புளைகளோட. நாளைக்கு ஊர்ல ஒண்டு கதைச்சா அந்தப் புள்ளட பேர்தான் கெடும்." பொறியியலாளரின் தலை மறைப்புக்குக் கீழே போயிற்று. பிறகு, "ஒன்பதாம் நம்பரும் நல்ல தாள்தானே," என்றார். மெல்லத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. வெளியே வாகை மரத்தடியில் சைக்கிளோடு நின்ற வாப்பாவை ஜன்னலூடாகப் பார்த்தேன். கருவிப் பெட்டியை மூடினேன்.

பெரிய கிளாக்கர் கதைத்ததை முடிந்தவரை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதுகிறேன். அன்று வீட்டுக்குப் போனதும் கொப்பியில் குறித்து வைத்தது இது.

"ஒம்பதாம் தாள்ட தலையில என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியும், சேர். உங்களுக்கும் தெரியும். சுழி. காலையில நான் கேட்டது அப்பிடி ஒரு தமிழ்ப் பிள்ளையத்தான். அந்தப் பிள்ளைய எடுத்தா எனக்குச் சந்தோசம். அதாலதான் சொல்றன், எடுக்கேலாது. கண்ணக் கட்டிக்கிட்டுப் பாப்பம் எண்டீங்க. சரியெண்டு நான் தலைய வெட்டித் தந்தன். இப்ப கட்ட அவுத்துப்போட்டு, ஆள் ஆரெண்டு பாத்து, வேணாம் எண்டா, காலையில நான் கேட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நானாவது நேராக் கேட்டன்."

ஓவசியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிய கிளாக்கர் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்கட பிழையக் கண்டது ஆம்புளையா பொம்புளையா எண்டு தண்ணி கேக்குமா, ஓவசியர்? இன்னொண்டு. காணிப் பதிவை எடுத்துப் பாருங்க. இந்தக் கரையில வயல் ஆருட பேர்ல? சீதனமாக் குடுத்ததெல்லாம் பொம்புளையள்ட பேர்ல. வாய்க்கால் எந்தப் பக்கத்தால போகுதெண்டு கேக்க ஒரு பொம்புள இந்தப் படியில ஏறினதை நான் கண்டதில்ல. புருசன் வாறான், அவன்ட பேரை நாங்க வரைபடத்தில எழுதுறம். அப்பிடி எழுதி எத்தின சண்டை வந்து என்ட மேசையில கிடக்கு! ஆர் இல்லையெண்டு பாக்கோணும் எண்டு காலையில சொன்னன். அப்ப இதை நான் யோசிக்கல்ல. என்ட கண்ணுலயும் படல்ல. இப்ப படுது."

பிறகு அவர் சொன்னது வெறும் ஏற்பாடு. வயலுக்குப் போகும் நாட்களில் அளவுகோல் பிடிக்க வழமையாக ஓர் ஆண் கூலியாளை எடுப்பார்கள். அந்த நாட்களில் பெண் ஒருவரை எடுக்கவேண்டும். சம்பளம் அதேதான். ஊர் கதைத்தால் இரண்டு பெண்களைப் பற்றிக் கதைக்கட்டும். பொறியியலாளர், முதலில் மூன்று மாதம் பார்ப்போம் என்று தவணை போட்டு நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்டார். ஒன்பதாம் இலக்கக்காரருக்காக இன்னொரு மேசை கேட்டுப் பெரிய கிளாக்கர் அன்று பின்னேரமே தலைமைக் கந்தோருக்குக் கடிதம் அடித்தார். அதை ஒளித்துச் செய்யவில்லை, என் முன்னால்தான் அடித்தார். என் நியமனக் கடிதத்தைத் தரும்போது வாழ்த்துச் சொல்லவில்லை. "திகதிய வடிவாப் பாத்துக் கையெழுத்து வை, மகள்," என்றார்.

வெளியே ஓடி வந்தேன். முக்காடு தோளில் விழுந்தது கூடத் தெரியவில்லை. வாப்பா கடிதத்தை வாங்கி முழுவதும் வாசித்தார். பிறகு, "ஆர் தந்தது?" என்றார். பெரிய கிளாக்கர் என்றேன். "திகதி இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அன்று கடற்கரை வீதியால் சுற்றி, தேவையே இல்லாமல் இரண்டு மைல் கூட மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

கண்ணை மூடுவது சரியா, திறப்பது சரியா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் தேநீர்க் கோப்பையோடு. நான் ஒரு முறையால் பிழைத்தவள், அதனால் அந்த முறைக்கு ஆதரவாக இருப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். தலை வெட்டிய தாள்தான் என்னை முதலாவதாக்கியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மேலே 786-உடன் போயிருந்தால், அல்லது என் பெயருடன் போயிருந்தால், அந்தப் பென்சில் வட்டத்தை யாரும் வாசித்திருக்கமாட்டார்கள். ஆனால் தாள் வென்றாலும் ஆள் வெளியே நிற்கவேண்டி வந்ததே, அங்கே வெட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. யாராவது ஒருவர் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டியிருந்தது. பார்த்தவர், நான் வராவிட்டால் தான் நினைத்தது நடக்கும் என்று தெரிந்த மனிதர். இதை எந்த முறைக்குள் அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. என் தொழிலில் அப்படியான புள்ளியை வட்டமிட்டு, மீண்டும் பார்க்கவும் என்று எழுதுவோம்.

முதல் தடவை வயலுக்குப் போனபோது அளவுகோல் பிடிக்க வந்தவர் மாவடிப்பள்ளி ராத்தா ஒருவர், என்னிலும் மூத்த பெண், அறுவடைக் கூலிக்குப் போகிறவர். லெவல் கருவியின் கண்ணாடிக்குள் அவருடைய கை தலைகீழாகத் தெரிந்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "என்ன புள்ள, நான் தலைகீழா நிக்கனா?" என்று அவர் வரம்பிலிருந்து கத்தினார். அடுத்த மாதம் அவரே இரண்டு பெண்களைக் கந்தோருக்குக் கூட்டி வந்தார். வரைபடத்தில் தங்கள் வயலுக்கு மைத்துனன் பெயர் எழுதியிருந்ததைக் காட்டி அவர்கள் போட்ட சத்தத்தில் மண்டபமே எழும்பி நின்றது. பெரிய கிளாக்கர் சிவப்புப் பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டினார்.

இப்போது நிலைமை இது. பொறியியலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கேட்ட மேசை இரண்டு வருடம் கழித்து வந்தது. ஒன்பதாம் இலக்கக்காரர் அதில் இருக்கிறார், கோடு இன்னும் சுத்தம். தமிழரா முஸ்லிமா என்றறிய பஸ்ஸில் ஊரைக் கேட்டுவிட்டுக் கதைக்கும் காலம் வந்துவிட்டபோதும் நாங்கள் இருவரும் ஒரே மைப்போத்தலைத்தான் பாவிக்கிறோம். பெயர் மறைத்த சோதனை அதற்குப் பிறகு நடக்கவில்லை. துண்டு திரும்பி வந்துவிட்டது. சென்ற வாரம் இன்னொரு படவரைஞர் வேலைக்கு அறிவித்தல் வந்தது. வெளிக்கள வேலை இருப்பதால் ஆண்கள் மட்டும் விண்ணப்பிக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த வரியை நீக்கும்படி ஒரு கடிதம் எழுதி, ஒன்பதாம் இலக்கக்காரரும் நானும் ஓவசியரும் கையொப்பம் வைத்துக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பதினொரு நாள் இருக்கிறது.